கிணற்று விளிம்பில் ஆறு தலைகள்

பேச்சை நிறுத்தியதால் உயிர் பிழைத்தவன் நான். என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில், லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ரோட்டில், தார்ப்பாய் தைப்பது என் தொழில். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் வருகிற போகிற டிரைவர்களின் வாயிலிருந்து கற்றுக்கொண்டது. ஊசியில் நூல் ஓடுகிற நேரமெல்லாம் என் வாயும் ஓடிக்கொண்டிருக்கும். யாராவது மனதில் தைக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை வெறுமனே விட்டுவிட எனக்கு மனம் வராது. தார்ப்பாயில் அளவுக்கோடு போட நீலக்கட்டி ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் கிடக்கும். அதை எடுத்து, தைத்துக்கொண்டிருக்கிற தார்ப்பாயின் உட்பக்கத்தில், மடிப்பு வருகிற இடமாகப் பார்த்து எழுதிவைப்பேன்.

"தூக்கம் வந்துட்டா தார் ரோடு மெத்தை மாதிரித் தெரியுமுங்க" என்று ஒரு டிரைவர் சொன்னார். "எம்பட பொண்ணு போன்ல சிரிச்சா நாக்பூர்ல எனக்குக் குளிர் உட்டுப்போகுதுங்க" என்றார் இன்னொருவர். இரண்டும் தார்ப்பாயில் ஏறின. அந்த வார்த்தைகள் மஞ்சள் மூட்டைகளின் மேலும் ஜவ்வரிசி மூட்டைகளின் மேலும் கவிழ்ந்து படுத்தபடி தேசம் முழுக்கப் போய், எங்கேயோ ஒரு மழையில் கரைந்துபோகும். எந்த ஊர் மழை என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் கண்ணயரும்போது அதை நினைத்துக்கொள்வேன். நல்ல தூக்கம் வரும். என் நகத்தடியில் மட்டும் நீலம் மிஞ்சியிருக்கும். அந்தக் கட்டியில் சாயம் அதிகம், தோலிலோ துணியிலோ பட்டால் லேசில் போகாது.

ராசிபுரம் போகிற வழியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் உண்டு. ஒரு சித்திரை மாதத்துக் காலை, மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. கிணற்று விளிம்பில் நின்று குழாயை எட்டிப் பார்த்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் இருந்தவர் விஜயவாடாவைத் தாண்டி ஒரு டீக்கடையில் லாரியை நிறுத்தியிருந்த டிரைவர். எதைப் பற்றிப் பேசினேன் என்பது இப்போது நினைவில்லை. காலடியில் கல் ஆடியது. அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

அந்த டிரைவர் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "அந்த மனுசன் பேச்சுப் பாதியில நின்னு நான் பாத்ததே இல்லீங்க. நாமதான் வெக்கறேன் வெக்கறேன்னு கெஞ்சோணும். அன்னைக்கு டக்குனு நின்னுருச்சு. ரெண்டு தடவ அலோ அலோன்னேன். சரி, கிணத்தடியில நின்ன ஆளுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பட்டறைக்குப் போனப் போட்டுட்டேன்."

பட்டறையிலிருந்து அந்த ஏழு பேருக்குப் போன் போயிருக்கிறது.

அந்த ஏழு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையைக் குடைந்து வெட்டியவை. ஆழமானவை. ஆடு விழும், மாடு விழும், ஆளும் விழும். டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வருகிற வரைக்கும் உயிரைப் பிடித்துவைக்கப் பக்கத்தில் யாராவது வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்கள்தான் இவர்கள். ஒருவர் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் வைப்பவர், இவர்தான் மூத்தவர். இரண்டு பேர் தறிக்காரர்கள். ஒருவர் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவர், ஒருவர் லாரி பாடி கட்டுகிற தச்சர், ஒருவர் வயரிங் வேலைக்காரர், ஒருவர் சொசைட்டியில் பால் அளக்கிறவர். போன் வந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள். கப்பி, கயிறு, டயர் ட்யூப், சாக்கில் தைத்த ஒரு தொட்டில். இவ்வளவுதான் அவர்களுடைய சாமான்கள்.

இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நான் கிணற்றுக்குள் ஒரு பாறைத் திட்டில், கழுத்தளவு தண்ணீரில் சாய்ந்து கிடந்தேன். இடது கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. வலி கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு எங்கோ போய்விட்டது. தண்ணீரில் பட்ட வெயில் பாறைச் சுவரெங்கும் மீன் குஞ்சுகளைப்போல நெளிந்துகொண்டிருந்தது. ஒரு புறா வந்து பொந்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. மேலே வானம் ஒரு தோசைக்கல் அளவுக்கு இருந்தது. அதில் ஒரு மேகம் வந்து, முழுதாக நிரம்பி, வெளியேறியது. நான் அவசரமே இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து முடித்த தார்ப்பாயின் மேல் படுத்திருப்பதுபோல ஒரு நிம்மதி. அதுதான் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பிறகு விளிம்பில் தலைகள் முளைத்தன. வெயில் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் முகங்கள் இல்லை, வெறும் கறுப்பு உருண்டைகள்.

"சாமி, வாரேன். அசையாதீங்க."

கயிறு உரசுகிற சத்தம். சிறு கற்கள் தண்ணீரில் விழுந்தன. யாரோ என் முதுகுப்பக்கமாகத் தண்ணீரில் இறங்கினார்கள். என் அக்குளுக்குள் இரண்டு கைகள் நுழைந்து மார்பின் குறுக்கே பூட்டிக்கொண்டன. திரும்பப் போனேன்.

"என்னையப் பாக்கறதுக்குத் திரும்பாதீங்க சாமி. கழுத்து எப்படி இருக்குதுன்னு தெரியல. அப்படியே எம்மேல சாஞ்சுக்கோங்க."

சாய்ந்துகொண்டேன்.

"மேல கட்டை போட்டுக் கப்பி மாட்டோணும். கொஞ்ச நேரமாகும். அதுவரைக்கும் நீங்க பேசிக்கிட்டே இருக்கோணும். கண்ணு சொருகக் கூடாது."

"என்னத்தப் பேசறது?"

"அதை நீங்க கேக்கறீங்களா சாமி? தார்ப்பாய்க்காரரு வாயத் தெறந்தா வண்டி டெலிவரி ஒரு நாளு தள்ளிப்போகுமின்னு ஊரே சொல்லுது."

பேசினேன். நாக்பூர்க் குளிரைப் பற்றிச் சொன்னேன். தார் ரோடு மெத்தையாகத் தெரிவதைச் சொன்னேன். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், மோகனூரில் காவிரியைக் குறுக்கே நீந்திக் கடந்ததாக நான் இருபது வருடமாகச் சொல்லிவருவது சுத்தப் பொய் என்றும், எனக்கு நீச்சலே தெரியாது என்றும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். சத்தம் வரவில்லை. அந்தச் சிரிப்பு என் முதுகெலும்பு வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

கண் சொருகும்போதெல்லாம், "மேல எத்தனை தலை தெரியுது, எண்ணுங்க" என்பார்.

"ஆறு."

"மறுபடியும் எண்ணுங்க."

"ஆறுதாஞ் சாமி."

"சரியா இருக்குது. ஏழாவது இங்க இருக்குது."

கிணற்றுக்குள் குரல் பாறையில் முட்டி முட்டித் திரும்பும். ஒரு ஆள் பேசினால் மூன்று ஆள் பேசுவதுபோல இருக்கும். அதனால் அந்தக் குரலை நான் பிறகு எங்கே கேட்டாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. சாக்குத் தொட்டிலில் என்னை உட்காரவைத்து ஏற்றினார்கள். சாக்கு தொடையை அறுத்தது. மேலே வந்ததும் வெயில் கூசாமல் இருக்க யாரோ ஒரு ஈரத்துண்டை என் முகத்தின் மேல் போட்டார்கள். துண்டை எடுத்தபோது ஆஸ்பத்திரியின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஒடிந்த கால் கூடுவதற்கு மூன்று மாதம் ஆனது. படுக்கையில் கிடந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. என்னைத் தாங்கி உட்கார்ந்திருந்தவர் யார் என்று தெரிய வேண்டும். அவரை நாலு பேர் பார்க்க மேடையேற்றி, ராசிபுரம் பட்டுத் துண்டு ஒன்றைப் போர்த்த வேண்டும். கண்ணை மூடினால் ஆறு தலைகள் வந்து வட்டமாக நிற்கும். ஏழாவதற்கு மட்டும் முகம் இல்லை.

கட்டுப் பிரித்ததும் குச்சியை ஊன்றிக்கொண்டு வெல்டரைத் தேடிப் போனேன்.

"கீழ எறங்குனது யாருங்க?"

"நாங்கதானுங்ணா."

"நாங்கன்னா எப்படி? என்னையப் புடிச்சிட்டிருந்தது ரெண்டு கைதானே?"

"கயித்தப் புடிச்ச கையெல்லாம் எறங்குன கைதானுங். ஏனுங்ணா, கால் நல்லாக் கூடிருச்சுங்களா?"

மற்ற ஆறு பேரும் இப்படியே பேச்சை மாற்றினார்கள். நான் விடுகிற ஆளா? ஏழு பேருக்கும் பாராட்டு விழா என்று அறிவித்துவிட்டேன். ஊர்ப் பொதுத் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. என் கடைசித் துருப்புச்சீட்டு வேறு. எங்கள் பக்கம் விசேஷம் என்றால் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலைபாக்கு வைத்து, வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். ஆம்பிளைகள் வாயைத் திறக்காவிட்டால் என்ன, பெண்டுகள் சொல்லிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

முதல் வீட்டில் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டேன். "உங்க ஊட்டுக்காரரு கீழ எறங்குவாருங்களா, மேல நிப்பாருங்களா?"

"அவரு மேல நின்னு கயிறு புடிக்கிறவருங்ணா" என்றார் அந்த அம்மணி, பெருமையாக.

இரண்டாவது வீட்டில், வயதான தாய்: "எம் பையன் மேல நின்னு கயிறு புடிக்கிறவனுங்க சாமி. கீழயெல்லாம் எறங்க மாட்டான். எங்கிட்டச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கறான்."

மூன்றாவது வீடு, நான்காவது, ஐந்தாவது. எல்லா வாசலிலும் அதே வார்த்தை. வழியில் என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, இது எனக்கு நல்லாப் படலை. தட்டைக் குடுத்தமா வந்தமான்னு இருங்க." எனக்கோ வேடிக்கையாக இருந்தது.

ஆறாவது வீட்டுக்குப் போனபோது அந்த அம்மணி வாசல் நிழலில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் அதையேதான் சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்: "எல்லா ஊட்டுலயும் மேல நிக்கறவருன்னே சொல்றீங்க. அப்பறம் எங்கூடக் கிணத்துக்குள்ள உக்காந்திருந்தது என்ன பேயாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. ராட்டை மட்டும் நிற்காமல் சுற்றியது. அந்த அம்மணி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் இரண்டு தம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். "குடிச்சுட்டுப் போங்க. வெயிலு கெடக்குது" என்றார். அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து அந்த ஏழு பேருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. ராசிபுரம் பஸ் போகிற ரோட்டை ஒட்டிய தோட்டத்தில், கீரைக்குத் தண்ணீர் விடப் போன ஒரு பெண் கிணற்றில் விழுந்துவிட்டார். வழக்கமாகக் கால் மணி நேரத்தில் ஏழு பேரும் சேர்ந்துவிடுவார்கள். அன்றைக்கு வந்தது மூன்று பேர்.

சாயங்காலம் வெல்டர் என் கடைக்கு வந்தார். மடித்து வைத்த தார்ப்பாய்க் குவியலின் மேல் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது.

"அந்தம்மா?" என்றேன்.

"பொழச்சுக்கிச்சுங். பஸ்ஸை நிறுத்தி ஆளுகளைக் கூப்புட்டோம். கண்டக்டர், செக்கிங் ஆளு, ஏழெட்டுப் பேரு எறங்கி வந்து கயித்தப் புடிச்சாங்க. பழக்கமில்லாத கை பாருங்க, ஒருக்காக் கயிறு நழுவிப்போச்சு. நான் புடிச்சு நிறுத்துனேன்." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஒருத்தனோட வண்டிச் சாவி அரிசிப் பானைக்குள்ள கெடந்துருக்குது. ஒருத்தனோட ஆத்தா வாசப்படியில குறுக்கப் படுத்துக்கிச்சு, என்னையத் தாண்டிப் போடான்னு. ஒருத்தன் ஊட்டுல பொண்டாட்டி போனையே எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா. இன்னொருத்தன் வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சிருச்சு."

நான் ஊசியைத் தார்ப்பாயில் குத்திவைத்தேன்.

"எங்க ஏழு ஊட்டுலயும் எங்க ஆளு மேல நிக்கறவருன்னுதாங்ணா நெனப்பு. அப்படித்தான் நாங்க சொல்லி வெச்சிருக்கறோம். எவன் எறங்குறான்னு அந்தந்தக் கிணத்துக்கிட்டப் போயி, அவனவன் மூச்சையும் காலையும் பாத்து முடிவு பண்றது. எறங்குனவன் எவனோ அவன் ஊட்டுக்குப் போனா, தண்ணி எறைச்சு உட்டேன், நனஞ்சிட்டேன்னு சொல்லுவான். இத்தனை வருசமா ஒரு ஊட்டுக்கும் தெரியாது. இப்ப ஏழு ஊட்டுலயும் நம்ம ஆளாத்தான் இருக்குமோன்னு ஆயிப்போச்சு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். நன்றி சொல்லப் போன இடத்தில், கயிற்றிலிருந்து நான்கு ஜோடிக் கைகளை நானே பிரித்து எடுத்திருக்கிறேன். அந்தக் கீரைக்காரப் பெண் கொஞ்ச நேரம் அந்தரத்தில் ஆடியது என் வாயால்.

"விழாவை நிறுத்திப்போடறனுங்க" என்றேன்.

"இப்ப நிறுத்துனா சந்தேகம் ரெட்டிப்பாயிரும். நீங்க பேசுனதை நீங்கதான் பேசித் தீக்கோணும்" என்று எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். "ஒரு தொட்டிலு தெச்சுக் குடுங்ணா. சாக்கு அறுக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

அந்த வாரம் முழுக்க நான் தொட்டில் தைத்தேன். கெட்டித் தார்ப்பாய் இரண்டு மடிப்பு. லாரியில் சரக்கை இறுக்குகிற அகலப் பெல்ட்டை அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். தொடை படுகிற இடத்தில் பஞ்சு. கழுத்துக்கு ஒரு அணை. தைக்கத் தைக்க நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே எனக்குத் தெரியவில்லை. கடை வாசலில் லாரிகள் போகும்போது அவற்றின் நிழல்கள் தொட்டிலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போயின. முகமில்லாத ஒரு ஆள் என் பின்னாலிருந்து, "பேசுங்க சாமி" என்பதுபோல இருக்கும். என்னத்தைப் பேசுவது? மேடையில் உண்மையைச் சொன்னால் ஏழு வீட்டிலும் சாவி அரிசிப் பானைக்குள் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரே நன்றி அவரைப் பற்றிப் பேசுவதுதான். அதுதான் கூடாதென்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை திடலில் பந்தல் போட்டிருந்தோம். ஏழு குடும்பங்களும் வந்திருந்தன. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேருக்கும் ஒரே மாதிரி ஏழு பருத்தித் துண்டு போர்த்தினோம். பட்டுத் துண்டு என் வீட்டுப் பீரோவிலேயே இருந்தது, இன்னும் இருக்கிறது.

நான் மைக்கைப் பிடித்தேன்.

"யாரு எறங்குனதுன்னு ஊடு ஊடாப் போயிக் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். உங்க நிம்மதியைக் கெடுத்துட்டேன். அதுக்கு முதல்ல எல்லார்த்துகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். மயக்கத்துல கெடந்தவன் பேச்சு அது. நல்லாத் தெளிஞ்சு யோசிச்சுப் பாத்தேன். ஒருத்தரும் எறங்கலீங்க. இவங்க முறையே அது கெடையாது. மேல இருந்து தொட்டிலை உட்டாங்க. நானேதான் தவுந்து போயி உள்ள உக்காந்தேன்."

"அப்ப உங்களைய யாரோ புடிச்சிட்டிருந்தாங்கன்னு சொன்னீங்களே?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டார்.

"டயர் ட்யூபுங்க. அதுகிட்டத்தான் அத்தனை நேரமும் பேசிக்கிட்டு இருந்திருக்கறேன்."

திடலே சிரித்தது. "ட்யூபு பாவம்" என்று யாரோ சொன்னார்கள். "அதான் அதுல காத்து எறங்கிப்போச்சாட்ட இருக்குது" என்றது இன்னொரு குரல். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது மார்பின் குறுக்கே அந்த இரண்டு கைகளும் பூட்டிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. எனக்கு உயிர் கொடுத்த மனிதனை ஊர் முன்னால் டயர் ட்யூப் ஆக்கிவிட்டு நிற்கிறேன். அவர் என் பின்னால் அந்த ஏழு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாதீர்கள் என்றுதானே சொல்லியிருந்தார்.

வெறும் வாய்ப் பேச்சில் பெண்டுகள் நம்பமாட்டார்கள் என்று, திடல் ஓரத்தில் வெல்டர் ஒரு ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அதன் உயரக் கம்பத்தில் கப்பி மாட்டி, புதுத் தொட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் குச்சியைப் போட்டுவிட்டு, கூடிய காலை இழுத்துக்கொண்டு, யார் கையும் படாமல் தரையில் தவழ்ந்து போய் அதில் உட்கார்ந்து காட்டினேன். ஏழு பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். நான் மேலே போனேன்.

பந்தலின் தலைக்கு மேலே, தென்னைகளின் தோளுக்கு மேலே போனேன். காற்று தொட்டிலைத் தாலாட்டுகிற மாதிரி திருப்பியது. தூரத்தில் கொல்லிமலை நீலப்புகையாகக் கிடந்தது. கோழிப்பண்ணைகளின் நீளமான கூரைகள் வெயிலில் மின்னின. வயல் நடுவில் கிணறுகள் வட்ட வட்டமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு துண்டு வெளிச்சம். கீழே குனிந்தேன். அண்ணாந்த தலைகள். பழக்கத்தில் எண்ணினேன்.

ஏழு.

முதல் தடவையாக ஏழும் ஒரே இடத்தில் எனக்குத் தெரிந்தன. வெயில் அவர்கள் முகத்தில் விழுந்திருந்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்ததால் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி இருந்தார்கள். அவர் யார் என்று தேட வேண்டுமென்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சாப்பாட்டுப் பந்தியில் பெண்களின் முகம் தெளிந்துவிட்டது. சத்தியம் வாங்கியிருந்த தாய் பக்கத்து இலைக்காரியிடம், "நாஞ் சொன்னேனில்ல, மேலதான் நிப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓரமாகத் தொட்டிலை மடித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது வீட்டு அம்மணி மோர் தம்ளரோடு வந்து நின்றார்.

"நல்லாப் பேசுனீங்ணா."

"ஏதோங்க அம்மணி."

"கால் ஒடிஞ்சவரு கழுத்துத் தண்ணியில தானாத் தவுந்து போயி உக்காந்தீங்களாக்கும்."

நான் மோரைக் குடித்தேன்.

"அவரு சட்டையத் தொவைக்கிறது நானுங்ணா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "சித்திரை மாசத்துல ஒருநா நனஞ்சு வந்தாரு. தண்ணி எறைச்சேன்னாரு. ரெண்டு கை முழங்கையிலயும் நீலமா ஒரு கறை. மூணு தடவ சோப்புப் போட்டும் போகலை. என்ன கறைன்னு எனக்கு வெளங்கவே இல்லை. அன்னைக்குத் தட்டோட வந்தீங்கல்ல, உங்க சட்டைப்பையில அதே நீலம்."

என் கை தானாகப் பைக்குப் போனது. கட்டி அங்கேதான் இருந்தது. கிணற்றில் விழுந்த அன்றைக்கு இருந்த கட்டி தண்ணீரில் கரைந்து, என் மார்பைப் பூட்டியிருந்த கைகளில் ஊறியிருக்கிறது. நான் எழுதாமலே எழுதிய ஒன்று அவர் சட்டையில் வீட்டுக்குப் போயிருக்கிறது.

"அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"பாசி நாத்தம் தெரியாதுங்களா? ரொம்ப வருசமாத் தெரியும். எனக்குத் தெரியாதுன்னு அவருக்கு நெனப்பு. அந்த நெனப்புலதான் அவரு போயிட்டு வாராரு. அது அப்படியே இருக்கட்டுங்ணா. நீங்க யாருகிட்டயும் சொல்லாதீங்க."

சரி என்றேன். என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான். போன மாதம் அந்த அம்மணியே கடைக்கு வந்தார். வீட்டுக்காரருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதாம், டாக்டர் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றுவிட்டாராம், இப்போது நிஜமாகவே மேலே நின்று கயிறு பிடிக்கிறாராம். "தொட்டில்ல எறங்கறது மத்த ஊட்டுலயும் இப்பத் தெரிஞ்சுபோச்சுங்ணா, யாரும் தடுக்கறதில்ல. இனி எழுதிக்கோங்க. அவரும் படிக்கட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன். என் நன்றி அந்த மனிதருக்கு இந்த வழியாகப் போய்ச் சேரட்டும்.

அன்றைக்குப் பந்தியில் அந்த அம்மணி உடனே போய்விடவில்லை. குனிந்து தொட்டிலின் அடிப்பக்கத்தைப் புரட்டினார். நூல்காரி இல்லையா, பெல்ட் சேருகிற இடத்தில் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"இது விழுந்தவங்களை ஏத்தறதுக்கு மட்டுமா, எறங்கறவங்களும் இதுல உக்காந்துதான் எறங்குவாங்களா?"

"இனி எறங்கறதும் இதுலதானுங்க."

"எத்தனை வரி தையலு?"

"மூணு வரிங்க. லோடு லாரியே தாங்குமுங்க."

அவர் பந்திப் பக்கம் ஒருமுறை பார்த்தார். யாரைப் பார்த்தார் என்று நான் பார்க்கவில்லை.

"நாலாப் போட்டுருங்ணா" என்றார்.

தொட்டிலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். வெயில் இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று வாசலிலேயே உட்கார்ந்தேன். மூன்று வரிக்குப் பக்கத்தில் நீலக்கட்டியால் நான்காவது கோடு போட்டேன். கோணி ஊசியில் மெழுகு நூலைக் கோத்துக் குத்தி இழுத்தேன், குத்தி இழுத்தேன். தெருவில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். யாரோ கூப்பிட்டதுபோலக்கூட இருந்தது.

உள்ளேயிருந்து என் மனைவி தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, பேச்சு மூச்சையே காணோம். மறுபடியும் கிணத்துல கீது உழுந்துட்டீங்களா?"